வெளி மாவு

வலது தோளில் ஆரம்பித்துக் கழுத்து வழியாக மண்டைக்குள் ஏறுகிற வலி அது. ஈஸ்ட்டின் வித்துகளை ஊசி முனையால் பிரிக்கிற வேலையை ஆறு மணி நேரம் தொடர்ந்து செய்தால் வரும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூச்சை அடக்கி, ஒரு சின்னப் பையைக் கிழித்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு வித்துகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. அன்றைக்கு நாற்பது பை பிரித்திருந்தேன். செம்பூரிலிருந்து தாராவிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மேல்கம்பியைப் பிடிக்க வலது கை எழும்பவில்லை. பக்கத்தில் நின்றவனின் பை மேல் சாய்ந்து வந்து, அவனிடம் இரண்டு திட்டும் வாங்கினேன்.

அம்மாவுக்கும் அதே தோளில்தான் வலி. அவளுக்கு கிரைண்டர் கல்லைத் தூக்கித் தூக்கி வந்தது. அவள் பெயர் முப்பிடாதியம்மாள். முப்பத்தைந்து வருடமாக எங்கள் கோலியில், அந்த ஒற்றை அறை வீட்டில், மாவு அரைக்கிறாள். நான் சட்டையைத் தளர்த்திவிட்டுக் குப்புறப் படுத்ததும் தைலத்தை ஊற்றி, கட்டை விரலால் அழுத்தினாள்.

"ஏசி ரூம்புல உக்காந்து பூச்சியப் பிரிச்சதுக்கா இந்த வலி?"

"பூச்சி இல்லம்மா. ஈஸ்ட்டு."

"கண்ணுக்குத் தெரியாதது பூராவும் பூச்சிதான். முப்பத்தோரு வயசாவுது. பூச்சிக்குக் கல்யாணம் கட்டி வச்சது போதும்ட்டி."

இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று மத்தியானம் என் ஆராய்ச்சி வழிகாட்டி வந்தனா மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஆய்வுப் பத்திரிகையிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டியிருந்தார். அறுபது நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குள் பதில் சொல்லாவிட்டால் என் கட்டுரை தள்ளுபடி. கட்டுரை இல்லாமல் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தாக்கல் செய்ய முடியாது, அது எங்கள் நிறுவனத்தின் விதி. உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. ஆறு வருட வேலை அந்த ஒரு பதிலில் தொங்கியது.

"அம்மா, ஒண்ணு கேக்கேன். உண்மையச் சொல்லணும்."

"கேளு."

"பெரியப்பா வீட்டோட பிரிஞ்ச பொறவு, நம்ம மாவுல வெளி மாவு எப்பவாச்சும் விழுந்துச்சா?"

கட்டை விரல் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட அழுத்தமாக இறங்கியது.

"நம்ம வீட்டுலயா? வெளி மாவா? யாருட்டி அப்படிச் சொன்னா?"

எந்த மாவு வீட்டில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். நேற்றைய மாவில் ஒரு கை எடுத்து வைத்து, இன்றைய மாவில் கலந்து புளிக்கவைப்பதுதான் தொழில். அந்த ஒரு கை மாவு வீட்டை விட்டு வெளியே போகாது, இன்னொரு வீட்டிலிருந்து உள்ளே வராது. விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி செத்தாலும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கை ராசி போய்விடும், வாங்கினால் அடுத்தவள் கைக்குக் கீழே போய்விட்டதாக அர்த்தம். நான் மாவு வீட்டில் பிறந்தவள். இப்படிப்பட்ட கேள்விக்கு இப்படித்தான் பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் மூன்று வருடத்துக்கு முன்பு அம்மா சொன்னதை அப்படியே இங்கிலீஷில் எழுதி, கட்டுரையின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்தேன். 1999க்குப் பிறகு இந்த இரண்டு வீடுகளிலும் வெளி மாவு சேர்க்கப்படவில்லை என்று.

இரண்டு வீடுகள் என்றால் எங்கள் வீடும் பெரியப்பா பிச்சையா வீடும். 1999இல் அப்பாவும் பெரியப்பாவும் பிரிந்தார்கள். கிரைண்டர் அவர்களுக்கு, மாதுங்கா மெஸ் வாடிக்கை எங்களுக்கு. பழைய மாவைச் சரிபாதியாக இரண்டு சட்டியில் ஊற்றினார்கள். அன்று பெரியம்மா எங்கள் அம்மாவைப் பார்த்து, "ஒரு நாள் இதே சட்டிய ஏந்திக்கிட்டு எவ்வாசல்ல நிப்ப" என்று சொன்னாளாம். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. நடுவில் இரண்டு சந்துதான்.

எனக்கு அது வரமாக இருந்தது. ஒரே மாவு, இரண்டு சட்டி, இருபத்தைந்து வருடம். தினமும் புது மாவு போடப்போட ஈஸ்ட் பெருகிக்கொண்டே இருக்கும். எத்தனை ஆயிரம் தலைமுறை! இரண்டு சட்டியிலிருந்தும் எடுத்து வளர்த்து, சேர்த்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஈஸ்ட்டில் ஆண் பெண் கிடையாது. இரண்டு வகை உண்டு, ஒன்று மற்றதோடு மட்டும் சேரும். கண் இல்லை, கால் இல்லை, ஆகையால் வாடைதான். ஒரு வகை ஒரு வாடையை வெளியே விடும். அதைப் பிடிக்கிற மூக்கு மற்ற வகையின் தோலில் இருக்கும். வாடை பட்டதும் அந்த செல் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, வாடை வந்த பக்கமாக முனை நீட்டி வளரும். இரண்டும் முட்டி ஒன்றாகும். பிறகு சாப்பாடு தீர்ந்து பட்டினி கிடக்கும்போது, தான் சுருங்கி உள்ளே நான்கு வித்து வைக்கும். சட்டி விளிம்பில் காய்ந்த மாவில் அந்த வித்துகள் வருடக்கணக்கில் கிடக்கும். நான் ஊசியால் பிரிப்பது அவற்றைத்தான்.

வாடைக்கு ஒரு மரபணு, மூக்குக்கு ஒரு மரபணு. வாடை மட்டும் மாறி மூக்கு மாறாவிட்டால் அந்த ஈஸ்ட்டுக்குத் துணை கிடையாது, அதோடு அதன் கதை முடிந்தது. இரண்டும் பொருந்த மாறினால், மாறியவை தங்களுக்குள் மட்டும் சேரும். மற்றவை பக்கத்திலேயே கிடந்தாலும் தெரியாது. நடுவில் மலை, கடல் எதுவும் வேண்டாம். ஒரே சட்டிக்குள் இனம் பிரிந்துவிடும். இது தாராவிக்காரிக்குப் புரியப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம், ஒரே கக்கூஸ் வரிசையில் நிற்கிறோம். பெண் கேட்க மட்டும் அவரவர் ரயிலேறி அவரவர் ஊருக்குப் போகிறோம்.

எங்கள் வீட்டு ஈஸ்ட்டும் பெரியப்பா வீட்டு ஈஸ்ட்டும் சேரவில்லை. நூறில் ஒன்றுகூடச் சேரவில்லை. தங்களுக்குள் நன்றாகவே சேர்ந்தன. மரபணு முழுவதையும் படித்துப் பார்த்தபோது இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒன்றாக இருந்தன, இரண்டு இடங்களைத் தவிர. ஒன்று வாடை, மற்றது மூக்கு. ஒரு இனம் பிறப்பதை இருபத்தைந்து வருடத்தில் பிடித்துவிட்டோம் என்று எழுதினோம். வந்தனா மேடம் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார்.

கடிதத்தில் கேட்டது ஒரே கேள்விதான். மற்ற இடமெல்லாம் ஒன்றிரண்டு எழுத்து மாறியிருக்கும்போது, மூக்கு மரபணுவில் மட்டும் முப்பத்தேழு எழுத்து எப்படி மாறியது?

"நியாயமான கேள்வி," என்றார் மேடம் ஹிந்தியில். "ஒன்று இரண்டு என்றால் நானே நம்புவேன். முப்பத்தேழு தானாக மாறாது, ராணி. எங்கேயோ இருந்து வந்திருக்கிறது. வேறொரு ஈஸ்ட் அந்தச் சட்டிக்குள் போயிருக்கிறது. அல்லது ஈஸ்ட் வளர்க்கிற பிளேட்டில் வேறெதையோ கலக்கவிட்டு நீ கெடுத்திருக்கிறாய்."

"நான் கெடுக்கவில்லை மேடம்."

"அப்படியென்றால் உன் அம்மா சொன்னது தப்பு. இரண்டில் எது என்று கண்டுபிடித்து வா."

மூன்று வாரம் அம்மா பிடி கொடுக்கவில்லை. காற்றில் வந்திருக்கும் என்றாள். உளுந்தில் வந்திருக்கும் என்றாள். தம்பி இசக்கிதுரையைச் சாட்சிக்கு இழுத்தாள். அவன்தான் அப்பா போன பிறகு ஸ்கூட்டரில் மாவு கொண்டுபோகிறவன், கோயில் கமிட்டியிலும் இருக்கிறான். "நம்ம மாவு அம்மனுக்கே படையலுக்குப் போற மாவு. அதுல போயி சந்தேகப்படுதியே, உனக்கு டிமாக் காலியாயிருச்சா?" என்றான் அவன்.

நான்காம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குத் தோள் வலி அதிகமாகிப் பாத்திரம் தேய்க்க நான் உட்கார்ந்தேன். பழைய மாவு எடுத்து வைக்கிற எவர்சில்வர் தூக்கை எப்போதும் அவள்தான் தேய்ப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். அன்று அவள் படுத்திருந்தாள். தூக்கைக் கவிழ்த்துத் தேய்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்து, 'ராஜ்'. சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். கடைப் பெயர் என்று நினைத்திருந்தேன். ஆனால் அன்று வெயில் சாய்வாக விழுந்தது. 'ராஜ்' என்பதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் கல்லில் உரசிய மாதிரி மங்கிக் கிடந்தது. ஆறு வருடமாகப் புள்ளி பார்த்த கண் எனக்கு. தூக்கைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். உரசலுக்குக் கீழே முழுதாக அழியாத புள்ளிகள் இருந்தன. ஒரு கொம்பு. பக்கத்தில் ஒரு 'ம'. அதற்கடுத்து 'ஹ'வின் வயிறு. மெஹராஜ்: என் சின்ன வயதில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்த முஸ்லிம் வீட்டுக்காரி, நான் சாச்சி என்று கூப்பிட்டவள்.

ஈரக்கையோடு போய் அம்மா முகத்துக்கு நேரே தூக்கைப் பிடித்தேன்.

"இது யாரு தூக்கு?"

"பழைய பாத்திரக்காரன்ட்ட வாங்குனது."

"மேல் கோலி மெஹராஜ் சாச்சி தூக்கு. பேர உரசியிருக்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாசலைப் பார்த்தாள். இசக்கி இல்லை.

"கதவச் சாத்துட்டி" என்றாள்.

2005 வெள்ளத்தில் நான் தாராவியில் இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது, அத்தை பிரசவத்துக்குக் கூடமாட இருக்கட்டும் என்று தாணேக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து வந்தபோது சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. மேல் கோலிக்கு ஆப்பம் தின்ன ஓடினேன், அம்மா பின்னலைப் பிடித்து இழுத்து அடித்தாள். இனி மேலே போகக் கூடாது என்றாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கொஞ்ச நாளில் மறந்துபோனேன்.

"ரெண்டு நாளு தண்ணி வடியல," என்றாள் அம்மா. "டிரம்மு, மாவு எல்லாம் போச்சு. மேல அட்டாலிப் பரண்ல ஒரு சட்டி மட்டும் இருந்துச்சு, அடியில ஒட்டிக் காஞ்ச மாவோட. அதச் சொரண்டிப் போட்டேன். பொங்கல. செத்தது மாதிரி கெடந்துச்சு. பதினஞ்சாம் நாளு கோயில்ல கொடைத் திருவிழா. அம்மன் படையலும் கூட்டத்துக்குப் பலகாரமும் நம்ம மாவுலதான். அண்ணன் வீடு மேட்டுச் சந்துல, அங்க தண்ணி ஏறல. உங்கப்பா, அவிய வீட்டுல போயி ஒரு கை கேளுங்கார். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுட்டி போவேன்? அந்தப் பொம்பள சொன்ன சொல்லு இன்னும் காதுல கெடக்கு."

"அதனால மேல போன."

"நான் போவல. மெஹராஜே எறங்கி வந்தா. ஆப்ப மாவு. இளநிய புளிக்க வச்சு அதுல கலப்பா. தூக்கு நெறையக் கொண்டாந்து வச்சா. ஒங்க மாவோட இதையும் கலந்து பாரு மதினின்னா. மறுநா பொங்கிச்சு பாரு, மூடியத் தள்ளிக்கிட்டு!" அவள் முகத்தில் ஒரு நொடி அந்தக் காலையின் சந்தோஷம் வந்து போனது.

"பொறவு?"

"பொறவு என்ன, கமிட்டிக்காரன் நாலு பேரு வந்தான். வெள்ளத்துல இந்தச் சந்துல எல்லா வீட்டு மாவும் போச்சே, உங்க மாவு மட்டும் எப்படின்னான். மேல இருந்து வாங்குனியளான்னான். அவ மாடிப்படியிலதான் நின்னுக்கிட்டிருந்தா. கையில தண்ணிக் கொடம்." அம்மா சேலை முனையை விரலில் சுற்றினாள். "அவ வீட்டு மாவ நாங்க கையால தொடுவமாண்ணு சொல்லிட்டேன்."

நான் தூக்கைத் தரையில் வைத்தேன்.

"அவ கொடத்தோட மேல போயிட்டா. அதுக்கப்புறம் மூணு வருசம் ஒரே படியில ஏறி எறங்குனோம். ஒரு வார்த்த கெடயாது. அவ மாப்பிள்ளைக்கு அம்பர்நாத்துல கம்பெனி வேலன்னு போயிட்டாவ."

"தூக்கு?"

"காலியா எப்படிட்டி திருப்பிக் குடுக்க? ஏதாச்சும் போட்டுத்தான் குடுக்கணும். மாவப் போட்டுக் குடுத்தா வாங்குனேண்ணு ஆயிரும்."

அதனால் பெயரை உரசிவிட்டு, பத்தொன்பது வருடமாக அதிலேயே மாவு எடுத்து வைத்திருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்துக்கு முன்னால் வந்தது வேறு ஒன்று. அறுபது நாளில் இருபத்தொன்பது போய்விட்டது, சாச்சி இன்னும் அந்த மாவை வைத்திருக்கிறாளா என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. அப்படித்தான் இருந்தேன்.

அம்பர்நாத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே தமிழ் பேசிய ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் ஆப்பம் போடுகிற மெஹராஜ் என்றதும் கொண்டுபோய் இறக்கினார். சாச்சி காலையில் கம்பெனி கேட்டில் ஆப்பம் விற்றுவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முப்பிடாதி மவளா? நெத்தி அப்படியே இருக்கு. என்ன, யாரும் செத்துட்டாவளா?"

"இல்ல சாச்சி."

"பின்ன என்னத்துக்கு வந்திருக்க? அந்த வீட்டு ஆளு சும்மா வராது."

சொன்னேன். எவ்வளவு சுருக்கிச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கி. உள்ளே ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்த பேத்தி மெஹக், பதினாறு பதினேழு வயது இருக்கும், நான் பேசப் பேச வாசலுக்கு நகர்ந்து வந்தாள்.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. ஈஸ்ட்டுக்கு மூக்கு இருக்கா?"

"மூக்கு மாதிரி ஒண்ணு."

"அத வச்சு பொண்ணு பாக்குமா? கல்யாண ரிஷ்தா ஆப் மாதிரி?" அவள் சிரித்துக்கொண்டே பாட்டியின் தோளில் தட்டினாள். "நன்னி, ஒங்க மாவோட மூக்கு இவங்க வீட்டு மாவுக்கு வந்துருச்சாம். அதனால இவங்க சொந்தக்கார மாவே இவங்கள கண்டுக்க மாட்டேங்குதாம்."

சாச்சி சிரிக்கவில்லை. "கண்டுக்காமத்தான் இருக்கும்," என்றாள்.

பிறகு தரையில் கையை ஊன்றி எழுந்து உள்ளே போய், பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் மாவு ஊற்றி எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"அதே மாவுதான். இங்கன வந்த பொறவும் அத விடல. இளநிதான், வேற ஒண்ணும் போடல. எடுத்துக்கிட்டுப் போ. டப்பாவத் திருப்பிக் கொண்டார வேண்டாம். உங்க வீட்டுக்குப் போன பாத்திரம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

சம்மதப் படிவத்தை நீட்டினேன். மாவு எங்கிருந்து எடுத்தோம் என்று கட்டுரையில் போட, கொடுத்தவரின் கையெழுத்து வேண்டும். படிவம் இங்கிலீஷில் இருந்தது. மெஹக் தட்டுத் தடுமாறி வாசித்து, பாதி ஹிந்தியில் பாதி தமிழில் சொன்னாள். சாச்சி பேனாவை வாங்கி, தமிழில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். மெஹராஜ். முதல் எழுத்தின் கொம்பை நன்றாக வளைத்துப் போட்டாள்.

"அதுல எம்பேரு வருமாளா?"

"வரும் சாச்சி. நாலாம் பக்கத்துல, ஒரு அட்டவணை இருக்கு. எங்கம்மா பேருக்குக் கீழ."

"கீழன்னாலும் செரிதான்," என்றாள். "வந்தாப் போதும்."

டப்பாவைப் பையில் நிமிர்த்தி வைத்து, குர்லா வரை ரயிலில் மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. சாச்சி மாவிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்து, மரபணுவைப் படிக்கக் கொடுத்தேன். அறிக்கை வந்த மத்தியானம் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். முப்பத்தேழும் பொருந்தின. வாடையும் அதுவேதான். இளநீரில் வளர்ந்த ஈஸ்ட்டின் மூக்கு, இட்லி மாவு ஈஸ்ட்டின் உடம்பில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டு ஈஸ்ட்டையும் சாச்சி வீட்டு ஈஸ்ட்டையும் ஒரே பிளேட்டில் விட்டேன். உடனே சேர்ந்தன. ஆனால் அவற்றின் வித்துகளில் பத்துக்கு ஒன்பது முளைக்கவில்லை. வாடை ஒன்றானாலும் மற்றதெல்லாம் வேறு, உடம்பு ஒத்துப்போகவில்லை. முளைத்த அந்த ஒன்று போதுமாக இருந்திருக்கிறது. வாடை பொருந்தாவிட்டாலும் லட்சத்தில் ஒன்று தவறிச் சேர்வது உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தூக்குக்குள் இரண்டும் அப்படிக் கலந்து, பெரும்பாலானவை செத்து, பிழைத்தவை மறுபடி எங்கள் பழைய ஈஸ்ட்டோடு கலந்து கலந்து, கடைசியில் சாச்சி வீட்டுச் சரக்கில் அந்த இரண்டு மரபணுதான் மிஞ்சியிருக்கிறது. வாடை மட்டும் வந்தவையும் மூக்கு மட்டும் வந்தவையும் துணை கிடைக்காமல் தனியே தேய்ந்து போயிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தவைதான் சட்டியைப் பிடித்துக்கொண்டன. இப்போது அவை பெரியப்பா வீட்டுச் சொந்தத்தோடும் சேராது, சாச்சி வீட்டோடு சேர்ந்தாலும் பிள்ளை தங்காது. தனி இனம் என்று சொல்ல இன்னும் நாளாகும். தனியாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை.

அந்தத் தோள் வலியோடு ஜன்னல் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நாங்கள் பிரித்துவைத்ததால் பிரிந்தது என்று எழுதியிருந்தேன். கலந்ததால்தான் பிரிந்திருக்கிறது.

வந்தனா மேடம் இரண்டு முறை படித்தார். "இது முன்னைவிட நல்ல கட்டுரை," என்றார். "இரவல் வாங்கிய மரபணு ஒரு இனத்தைப் பிரிக்கிறது. நான்காம் பக்கத்தைத் திருத்து. அட்டவணையில் மூன்றாவது வரி சேர். பெயர், ஊர், எந்த வருடம் கொடுத்தார் என்று எல்லாம் போடு."

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். பட்டம் கிடைத்துவிடும் என்றதும் கன்னத்தைத் தடவினாள். மூன்றாவது வரியைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள்.

"அந்தப் பேரு வேண்டாம்."

"இங்கிலீஷ் பேப்பர்மா. தாராவியில யாரு படிக்கப்போறா?"

"இசக்கி சேக்காளி ஒருத்தன் படிப்பான். போன்ல போட்டுக் காட்டுவான். இப்பம் எல்லாத்தையும் போன்லதான காட்டுதானுவ. எம்பேருக்குக் கீழ அவ பேரு, வருசம் ரெண்டாயிரத்தஞ்சு. கொடை மாவு எந்த மாவுன்னு கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆவும்? அப்பமே சும்மா விட்டிருக்க மாட்டானுவ. இப்பம் இருக்க நெலமையில?"

"அவிய கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காவ. வரும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நானும்தான் அன்னைக்கு ஒண்ணு சொன்னேன்," என்றாள் அம்மா. "சொன்னத மாத்த முடியுதா? உன் தம்பி நாளைக்கு அந்தச் சந்துல ஸ்கூட்டர் ஓட்டணும்ட்டி."

பயத்தில் சொன்னாள், தப்பு என்று தெரிந்தே சொன்னாள். நான் அவளோடு சண்டை போட்டேன். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் இசக்கி என் சாப்பாட்டு டப்பாவை ஸ்கூட்டரில் ஆய்வக கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். "என்னளா சண்ட ரெண்டு பேருக்கும்?" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் மாதுங்காவுக்குப் போகிற மாவு டிரம் கயிற்றால் கட்டியிருந்தது. மூடி லேசாகத் தூக்கியிருந்தது. அவன் ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டே பேசினான்.

ஐம்பத்தெட்டாம் நாள் திருத்திய கட்டுரையை அனுப்பினேன். மூன்றாவது வரியில் 'வீடு எண் 3, அம்பர்நாத்' என்று போட்டேன். சரி சமமாக இருக்கட்டும் என்று அம்மா பெயரையும் பெரியப்பா பெயரையும் எடுத்துவிட்டு, எண் 1, எண் 2 என்று ஆக்கினேன். பெயர்களைக் காப்பது நல்ல நடைமுறைதான் என்றார் மேடம். நான் தலையாட்டினேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். போன வாரம் பட்டத்துக்கும் தாக்கல் செய்தேன்.

மெஹக் என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். நேற்று மெசேஜ் அனுப்பினாள். எழுத்து இங்கிலீஷ், பேச்சு தமிழ். பேப்பர் வந்துவிட்டதா, நன்னி கேட்கிறாள், பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள்.

இன்னும் பதில் போடவில்லை. தூக்கு எங்கள் வீட்டு அலமாரியில் நாளைக்கான மாவோடு இருக்கிறது. வெயில் சாய்வாக விழுந்தால் அந்தப் புள்ளிகள் இப்போதும் தெரிகின்றன. மெஹராஜ் சாச்சிக்கு நாங்கள் தர வேண்டியது ஒரு தூக்கு மாவு, அந்தத் தூக்கு, நான்காம் பக்கத்தில் அவள் பெயர். முதல் இரண்டும் அம்மா பட்ட கடன். மூன்றாவது நான் பட்டது.